கத்தரிப்பூ நிறம்

காவி கூடாது. பச்சை கூடாது.
நீலம் என்றால் உடனே ஒரு கட்சி,
சிவப்பென்றால் இரண்டு மூன்று.
வெள்ளையைக்கூட யோசித்துச் செய் என்றார்
இயக்குநர் தேவ்யானி போர்வால்.
நாம் யாருடைய ஆளும் இல்லை என்பது
இருபதடி தூரத்திலேயே தெரிய வேண்டுமாம்.
மிஞ்சியது கத்தரிப்பூ நிறம்.
ஜங்புராவின் இந்த பேஸ்மென்ட் அலுவலகத்தில்
ஆறு வருடமாக
என் கோபமெல்லாம் கத்தரிப்பூவாகத்தான் அச்சாகிறது.
போன தர்ணாவில் ஒரு போலீஸ்காரர்
பேனரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"கடை திறப்பு எப்போது?"

நிறத்துக்குப் பிறகு உருவம்.
தாமரை, சைக்கிள், யானை, லாந்தர்
எதுவும் வரைய மாட்டேன், சரி.
சாக்கடைக்குள் இறங்கிச் சாகிறவர்களுக்காகப் பேசும் அமைப்பில்
துடைப்பமும் வரையக் கூடாது.
கை கூடாதென்று மட்டும் யாரும் சொல்லவில்லை,
தேர்தல் தேதி வரும்வரை.

ஓம்வீருக்கு முப்பத்தொரு வயது.
தனியாக எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.
ஆதாரில் இருப்பது அவனே இல்லை என்றார்கள் வீட்டில்.
வாட்ஸப்பில் வந்தது யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது.
கட்டம் போட்ட சட்டை, பாதிச் சிரிப்பு,
இடது தோள்மேல்
படத்துக்கு வெளியிலிருந்து நீண்ட ஒரு கை.
மோதிர விரலில் பித்தளை வளையம்,
மணிக்கட்டில் மூன்று சிவப்பு வளையல்.

"கையை எடுத்துவிடு" என்றார் தேவ்யானி.
"இது தோளில் கிடக்கும் கை, மேடம்."
"கை கைதான்."

கையை எடுப்பது லேசு.
கைக்கு அடியில் இருந்திருக்கக்கூடிய சட்டையை
உண்டாக்குவதுதான் பாடு.
மற்ற தோளிலிருந்து கட்டம் கட்டமாகக் கடன் வாங்கி
கோடு கோட்டோடு சேரும்படி
இரவு பதினொன்றரை வரை நெய்தேன்.
கடைசி மெட்ரோ போய்விட்டிருந்தது.
ஆட்டோவில் வரும்போது பெருமையாகக்கூட இருந்தது,
சொல்லக் கூச்சமாக இருக்கிறது,
அவ்வளவு சுத்தமான வேலை.

எண்ணிக்கையைத் தனி அடுக்கில் வைப்பேன்,
பூட்டாமல்.
எங்கள் போஸ்டரில் மாறுவது அது ஒன்றுதான்.
அச்சுக்குப் போகும் நேரம் பார்த்து
மணீந்தர் கூப்பிடுவான்: "இன்னும் ரெண்டு சேர்."
சேர்ப்பேன். இலக்கங்களுக்கு நடுவே
இடைவெளி சரியா என்று பார்ப்பேன்.

ஜந்தர் மந்தர்.
மூன்று பஸ் மாறி வந்திருந்தாள் பர்மிலா.
பத்தடி உயரப் புருஷனை அண்ணாந்து பார்த்தாள்.
அழவில்லை. கிட்டே போய்
எட்டிய மட்டும் கையை உயர்த்தினாள்.
வளையல் இல்லை.
பித்தளை வளையத்தை நான் கண்டுகொண்ட பிறகுதான்
அவள் வாய் திறந்தாள்.
"இங்கே நான் இருந்தேனே."

யாரையும் குறை சொல்லாத இந்தி.
என் இந்தி ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுமளவுக்குத்தான்.
"பிரின்டிங்கில் ஏதோ தப்பு" என்றேன்.
பிரின்டிங்கில்.
அவள் தலையாட்டினாள்.
இலவசத் தண்ணீர் பாட்டிலை எனக்கும் ஒன்று வாங்கி வந்தாள்.

அலுவலகத்தில் யாரும் இல்லை.
கோப்பைத் திறந்தேன்.
கையை நான் அழித்திருக்கவில்லை,
எங்கள் தொழிலில் எதையும் அழிப்பதில்லை,
மறைத்து அடியில் போட்டுவைப்போம்.
பக்கத்தில் சின்னதாக ஒரு கண் குறி,
சொடுக்கினால் திறக்கும்.

என் நாலு மணி நேரச் சட்டை விலகியது.
தோள் கொஞ்சம் அமுங்கியிருந்தது, கையின் கனத்தில்.
அதை நான் அன்றைக்குக் கவனிக்கவே இல்லை.

போன் அடித்தது. மணீந்தர்.
அடிக்கட்டும்.
கோப்பின் பெயர் ஓம்வீர்_இறுதி_4.
நாலை ஐந்தாக்கி
கையோடு சேமித்தேன்.